வழிகாட்டியின் பின்னால் நடக்கும் மலை

கோலாலம்பூரிலிருந்து பாங்காக்கைவிடக் கோத்தா கினபாலுதான் தூரம். தென்சீனக் கடலுக்கு மேலே இரண்டரை மணி நேரம் பறக்க வேண்டும். இறங்கியதும், விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த சபாக்காரர் அட்டையைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். தீபகற்பத்திலிருந்து வந்தவர்களுக்குக் குடிநுழைவு முகப்பில் ஒரு தாள் கொடுக்கிறார்கள். சுற்றிப் பார்க்க வந்தவர் 90 நாள் வரை தங்கலாம் என்பதற்கான அனுமதி அது.

எங்கள் குழுவில் இருந்த இளைஞர்களுக்கு இது உறுத்தியது. “நம்ம நாட்டுக்குள்ள வர்றதுக்கு எதுக்கு மாமா பாஸ்?” என்று ஒருவன் கேட்டான். மாமா என்று நாங்கள் எல்லாரும் அழைக்கிற அவர் கெடா தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். வயது அறுபதைத் தாண்டியவர். “அவங்க வீடு தம்பி. கதவத் தட்டிட்டுப் போறதுல என்ன கொறஞ்சுபோச்சு?” என்றார்.

சபாவுக்கு இந்த உரிமை சும்மா கிடைக்கவில்லை. 1963 செப்டம்பர் 16இல் மலாயா, சபா, சரவாக், சிங்கப்பூர் ஆகியவை சேர்ந்து மலேசியா உருவானபோது, தங்கள் நிலமும் பிழைப்பும் வெளியாரிடம் போய்விடக் கூடாது என்று சபா மக்கள் முன்வைத்த நிபந்தனைகளில் குடிநுழைவுக் கட்டுப்பாடும் ஒன்று. பள்ளிப் புத்தகத்தில் தேர்வுக்காக நாங்கள் மனப்பாடம் செய்த செய்திதான் இது. அது யாருக்காக எழுதப்பட்டது என்பது அந்த முகப்பில் நிற்கும்போதுதான் புரிந்தது.

கெடாவில் வளர்ந்தவர்களுக்கு மலை என்றால் ஜெராய்தான். 1,217 மீட்டர் உயரம். வங்கக் கடலைக் கடந்து வந்த பழங்காலக் கப்பல்காரர்களுக்கு அதுதான் கரை காட்டிய அடையாளம். அதன் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு, சோழர் கல்வெட்டுகள் சொல்லும் கடாரம். அந்த மலையைப் பார்க்கும்போதெல்லாம் அதில் நம் கதையும் கொஞ்சம் இருக்கிறது என்ற உரிமை தோன்றும். கினபாலுவில் அப்படிப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. 4,095 மீட்டர் உயரமுள்ள, நாட்டின் மிக உயர்ந்த மலை. நூறு ரிங்கிட் நோட்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் மலை. ஆனாலும் தீபகற்பத்துத் தமிழர் பலர் காசி, திருப்பதி, பழனி எல்லாம் போய்வந்திருப்பார்கள். கினபாலுவை அந்த நோட்டில் மட்டுமே பார்த்திருப்பார்கள்.

கோத்தா கினபாலுவிலிருந்து மலைப் பூங்காவுக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். வேன் வளைந்து வளைந்து ஏறியது. நபாலு சந்தையில் நிறுத்தி அன்னாசியும் காட்டுத் தேனும் வாங்கினோம். கடைக்காரம்மா மலையிருக்கும் திசையைக் கைகாட்டினார். அங்கே மேகம்தான் இருந்தது. “காலையில வந்திருந்தா பார்த்திருக்கலாம்” என்றார் மலாயில். நண்பகலானதும் மேகம் மூடிக்கொள்வதுதான் இந்த மலையின் வழக்கம். அதனால்தான் உச்சிக்குப் போகிறவர்கள் நடுநிசி தாண்டியதும் புறப்படுகிறார்கள்.

ஏறுவதற்கு முந்தைய நாளைக் குண்டாசாங்கில் கழித்தோம். சரிவெங்கும் முட்டைக்கோசும் தக்காளியும். கேமரன் மலைக்கு வந்துவிட்டோமோ என்று நினைக்க வைக்கும் குளிர். அங்கே 1962இல் அமைத்த போர் நினைவிடம் ஒன்று இருக்கிறது. 1945இல் ஜப்பானியர்கள் சண்டாக்கானிலிருந்து ரானாவ் வரை, காட்டுவழியே 250 கிலோமீட்டருக்கு மேல், ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் போர்க்கைதிகளை நடத்தியே கொண்டுவந்தார்கள். சண்டாக்கான் முகாமிலும் அந்த நடையிலும் சிக்கிய சுமார் 2,400 பேரில் உயிர் தப்பியவர்கள் ஆறு பேர் மட்டுமே. ஆறு பேரும் தப்பி ஓடியவர்கள். அவர்களை ஒளித்து வைத்துச் சோறு போட்டவர்கள் இந்தப் பகுதியின் கிராமத்து மக்கள். பிடிபட்டால் குடும்பத்தோடு சாவு என்று தெரிந்தும் அதைச் செய்தார்கள்.

இறந்தவர்களின் பெயர்கள் சுவரில் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மாமா அந்தச் சுவர் முன்னால் நெடுநேரம் நின்றார். அதே போர்க் காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பி வரவில்லை. எங்கள் தோட்டங்களில் அந்தக் கதையைக் கேட்டு வளராத பிள்ளை கிடையாது. அவர்களுக்கு இப்படிப் பெயர் எழுதிய சுவர் இல்லை. அங்கே நின்றபோது, ஒரே போர் நம் இரு கரைகளிலும் ஒரே மாதிரித்தான் ஆட்களைத் தின்றிருக்கிறது என்று பட்டது. அறியாத ஊர் என்று நினைத்து வந்த இடத்தில் முதன்முதலாக ஓர் உறவு தெரிந்தது.

மறுநாள் காலை பூங்கா தலைமையகத்தில் பெயர் பதிந்து, கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டை வாங்கினோம். உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் இந்த மலையில் யாரும் ஏற முடியாது. மாலிம் குனோங் என்று அவர்களைச் சொல்கிறார்கள். பெரும்பாலானவர்கள் மலையைச் சுற்றியுள்ள கிராமங்களில் வாழும் டூசுன் மக்கள். எங்களுக்கு வந்தவர் நாற்பதைத் தாண்டியவர். பாங் என்று அழைத்தோம். அவர் மாமாவை அங்கிள் என்றார். அப்பாவும் தாத்தாவும் இதே மலையில் சுமை தூக்கியவர்கள் என்றார்.

கிளம்புமுன் அவர் சொன்னது மூன்றே விஷயம். எனக்கு முன்னால் போகாதீர்கள். வேகமாக ஏறாதீர்கள். மலையில் கத்தாதீர்கள்.

மூன்றாவதற்குக் காரணம் கேட்டோம். டூசுன் மக்களுக்குக் கினபாலு முன்னோர் வாழும் இடம். இறந்தவர்களின் ஆவி இந்த மலைக்குத்தான் போய்ச் சேருகிறது. அக்கி நபாலு என்று, தாத்தாவை விளிப்பதுபோல அதைச் சொல்கிறார்கள். முன்பெல்லாம் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் முன்னால் பூசை நடக்கும். இப்போது ஆண்டுக்கு ஒருமுறை பூசாரிகளான பொபோலியன்கள் மொனோலோப் என்ற சடங்கைச் செய்து மலையிடம் எல்லாருக்காகவும் அனுமதி கேட்கிறார்கள். ஏழு வெள்ளைக் கோழி, முட்டை, வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை வைத்துப் படையல். “நம்ம முனியாண்டிக்கு வைக்கிற மாதிரியே இருக்கே!” என்று மாமா வியந்ததை நான் மலாயில் சொன்னேன். பாங் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பத்துமலையில் பல ஆண்டுகள் காவடி எடுத்தவர் மாமா. கிளம்புமுன் காலணியைக் கழற்றி, மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாங் அவர் காலணியை மாட்டி முடிக்கும்வரை காத்திருந்தார். அதன்பிறகு மலையில் அவர் மாமா பக்கத்திலிருந்து நகரவில்லை.

திம்போஹோன் வாயில் 1,866 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து உச்சிக்கு 8.72 கிலோமீட்டர். கேட்கும்போது குறைவாகத் தெரியும் இந்தத் தூரத்துக்குள் 2,200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். வாயிலைக் கடந்ததும் சற்று இறக்கம், கார்சன் நீர்வீழ்ச்சி, பிறகு படிகள். வேரால் ஆன படி, மரப் படி, கல் படி. கிலோமீட்டருக்கு ஒன்றோ இரண்டோ பொண்டோக் என்ற சிறு மண்டபம். தண்ணீர்த் தொட்டி, உட்காரப் பலகை, நம் பையை நோட்டமிடும் அணில்கள்.

இந்த மலையில் நடந்தபடியே பல நாடுகளைக் கடந்துவிடலாம். அடிவாரத்தில் ஓக் மரங்களும் பெரும் மரப் பெரணிகளும். மேலே போகப் போகப் பாசி எல்லாவற்றையும் போர்த்துகிறது. 2,700 மீட்டரில் லாயாங்-லாயாங் அருகே மண்ணின் நிறமே மாறிவிடுகிறது. உலோகம் மிகுந்த, சத்துக் குறைந்த செம்மண். அதில் மரங்கள் முறுக்கிக்கொண்டு குட்டையாக நிற்கின்றன. அந்த ஏழை மண்ணில்தான் குடுவைத் தாவரங்கள் செழிக்கின்றன. மண் தராத சத்தைப் பூச்சிகளிடமிருந்து எடுத்துக்கொள்ளும் செடிகள் அவை. பாதையோரம் பல் வரிசை போன்ற விளிம்புள்ள சிவந்த குடுவை ஒன்றை பாங் காட்டினார். இதே மலையில் வேறு சரிவுகளில் வளரும் ராஜா இனத்துக் குடுவையில் இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். மலை மரமூஞ்சூறுக்கும் அதற்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு: குடுவையின் மூடியில் சுரக்கும் இனிப்பை மூஞ்சூறு நக்கும், நக்கிக்கொண்டே குடுவைக்குள் எச்சமிடும், செடிக்கு அதுவே எரு. 5,000க்கு மேற்பட்ட தாவர வகைகள் வளரும் இந்தப் பூங்கா 1964இல் உருவானது. 2000இல் சரவாக்கின் மூலுவோடு சேர்த்து யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மலேசியாவுக்குக் கிடைத்த முதல் உலகப் பாரம்பரியத் தலங்கள் இவை இரண்டும்தான்.

எங்களைக் கடந்து போனவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுமை தூக்கிகள். நெற்றியில் பட்டை மாட்டி, முதுகில் அரிசி மூட்டை, முட்டைத் தட்டு, எரிவாயுத் தோம்பு. அவர்களில் பெண்களும் உண்டு. எங்கள் தாய்மார் வயதில் ஒருவர் ரப்பர்ச் செருப்போடு, ஒரே சீரான நடையில் எங்களைத் தாண்டிப் போனார். மேலே விடுதியில் நாம் குடிக்கும் சூடான தேநீரும் தின்னும் மீ கோரேங்கும் இந்த முதுகுகளில் ஏறித்தான் வருகின்றன. அவர் வந்தபோது பாங் எங்களை ஓரமாக நிற்கச் சொன்னார். சுமையோடு வருபவருக்கே வழி. மலையின் சட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. 3,272 மீட்டரில் பனலாபான் விடுதிக்கு நனைந்துபோய்ச் சேர்ந்தோம். அங்கே காற்று மெலிந்துவிடும். இளைஞர்களில் ஒருவனுக்குத் தலைவலி கண்டது. பாங் அவன் கண்ணைப் பார்த்தார், நடக்கச் சொல்லிப் பார்த்தார், சோறு இறங்குகிறதா என்று கேட்டார். “ராத்திரியும் வலித்தால் நீ இங்கேயே இருக்க வேண்டும். மலை எங்கும் போய்விடாது” என்றார். அவன் வாக்குவாதம் செய்யவில்லை. வந்து இறங்கிய அன்று குடிநுழைவு முகப்பைப் பற்றிக் கேட்ட அதே பையன்தான்.

நடுநிசிக்குப் பிறகு எழுந்து, இரண்டரை மணிக்கு நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். தலைவலிக்காரனும் தெளிந்திருந்தான். இருளில் எங்களுக்கு மேலே விளக்குகள் வரிசையாக அசைந்தன. மாமா நின்று பார்த்துவிட்டு, “பெரட்டு முடிஞ்சு மரம் சீவப் போற மாதிரியே இருக்கு” என்றார். விடியுமுன் ஆள் கணக்கெடுப்பு முடிந்து, நெற்றி விளக்கோடு ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். எங்கள் குழுவில் மூச்சு வாங்காமல் நடந்தவர் அவர் ஒருவர்தான்.

மரங்கள் முடிந்ததும் வெறும் கருங்கல். சுமார் 70, 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் உருகிய நிலையில் மேலெழுந்து உறைந்த பாறை. பிறகு நிலம் உயர்ந்து, மழை அரித்து, வெளியே வந்தது. பனியுகத்தில் இதன் உச்சியைப் பனிப்பாளம் மூடியிருந்தது. அது நகர்ந்து தேய்த்த தேய்ப்பில்தான் இவ்வளவு வழவழப்பு. பாறையில் தடித்த வெள்ளைக் கயிறு பொருத்தியிருக்கிறார்கள். 3,668 மீட்டரில் சாயாட்-சாயாட் சோதனைச் சாவடி. அதற்கு மேல் பத்து அடி வைத்தால் நிற்க வேண்டும். உச்சியில் கிடைக்கும் பிராணவாயு கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான். “பெலான்-பெலான்” என்று மட்டும் பாங் சொல்லிக்கொண்டே வந்தார். மெல்ல, மெல்ல.

கிழக்கு வெளுக்கும் நேரத்தில் உச்சிப் பலகையைத் தொட்டோம். ஒருபக்கம் தெற்குச் சிகரம், நூறு ரிங்கிட் நோட்டில் பார்த்துப் பழகிய மலைமுகடு. மறுபக்கம் ஆயிரத்துக்கு மேற்பட்ட மீட்டர் ஆழத்துக்கு இறங்கும் லோ பள்ளம். மேற்கே கடல் வரை மலையின் முக்கோண நிழல் நீண்டு கிடந்தது. குளிரில் விரல் மரத்துப்போயிருந்தது. ஆனால் கீழே இறங்க யாருக்கும் மனமில்லை. யாரும் கூச்சலும் போடவில்லை.

அந்தப் பலகையில் எழுதியிருப்பது லோ சிகரம் என்று. ஹியூ லோ 1851இல் இந்த மலையில் ஏறிய பிரிட்டிஷ் அதிகாரி. அன்று அவர் மலையின் மேல்தளம் வரைதான் வந்தார். இந்த உச்சியைத் தொடவில்லை. 1888இல்தான் ஜான் வைட்ஹெட் இதில் ஏறினார். ஆனாலும் உச்சிக்கும் பள்ளத்துக்கும் லோவின் பெயரே நிலைத்துவிட்டது. அவருக்கு வழிகாட்டியவர்கள் கியாவ் கிராமத்து டூசுன் மக்கள். அதே கிராமத்தில் பிறந்து, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் எத்தனையோ பேரை மேலே கொண்டுசென்ற குந்திங் லாகாடான் என்ற வழிகாட்டியின் பெயர் பனலாபானில் ஒரு தங்கும் குடிலுக்கு வைக்கப்பட்டது. பின்தொடர்ந்தவரின் பெயர் உச்சியில். முன்னால் நடந்தவரின் பெயர் ஒரு குடிலில்.

லோவின் கதை அதோடு முடியவில்லை. 1877இல் அவர் பேராக்கின் ரெசிடென்டாகத் தீபகற்பத்துக்கு வந்தார். மலாயாவில் முதன்முதலாக வேரூன்றிய ரப்பர் கன்றுகளில் சில, கோலகங்சாரில் அவருடைய தோட்டத்தில் நட்டவைதான். அந்த மரம்தான் பின்னாளில் நம் முன்னோரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தது. கினபாலுவில் பிடித்துக்கொள்ள நமக்கு எதுவும் இல்லை என்று நினைத்து வந்தேன். நாட்டின் உச்சியில் இருக்கும் பெயர் எங்கள் தோட்டத்து வரிசை வீடுகள் வரை நீண்டு வருகிறது. இதைச் சொன்னபோது மாமா பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு, பாங் பக்கம் திரும்பி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நன்றி யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பம் இல்லை.

இறங்கும் வழியில் கழுதைக் காது என்று அழைக்கப்படும் இரட்டைக் கொம்புப் பாறையை பாங் காட்டினார். ஒரு காது உடைந்திருக்கிறது. 2015 ஜூன் 5, காலை 7:15. ரானாவை மையமாகக் கொண்டு 6.0 அளவில் நிலம் அதிர்ந்தது. பாறைகள் பெயர்ந்து உருண்டன. 18 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. உள்ளூர் வழிகாட்டிகள் நான்கு பேரும் உண்டு. 137 பேர் மேலே சிக்கிக்கொண்டார்கள். பாதை சிதைந்துவிட்டது. மூடுபனியில் ஹெலிகாப்டர்களால் இறங்க முடியவில்லை. வழிகாட்டிகள்தாம் அவர்களை நடத்தியும் தூக்கியும் இரவோடு இரவாகக் கீழே சேர்த்தார்கள். தங்கள் கிராமங்களில் வீடு என்ன ஆயிற்று, பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று தெரியாமலேயே அவர்கள் மேலே நின்றார்கள்.

அதற்குச் சில நாள் முன்னால் வெளிநாட்டுப் பயணிகள் சிலர் உச்சியில் ஆடை களைந்து படமெடுத்திருந்தார்கள். அது ஊரை எவ்வளவு காயப்படுத்தியது என்பதை பாங் அதிகம் விளக்கவில்லை. பூமி அதிர்வது நிலத்தடிப் பிளவுகளால்தான் என்பது அவருக்கும் தெரியும். “தாத்தா வீட்டுக்குள் அப்படிச் செய்வீர்களா?” என்று மட்டும் கேட்டார். உலகப் பத்திரிகைகள் அன்று மூடநம்பிக்கை என்று எழுதிக் கடந்துபோன விஷயம், பாறையில் அவர் பக்கத்தில் நின்று கேட்டபோது நியாயமான கேள்வியாக இருந்தது.

ஏற நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். கயிறு ஏறும் வித்தையெல்லாம் வேண்டாம். சில மாதம் படி ஏறிப் பழகிய கால் வேண்டும். ஜெராயோ ஜோகூரின் லேடாங்கோ நல்ல பயிற்சி. ஒவ்வொரு நாளும் ஏறுபவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. மாதக்கணக்கில் முன்பே இடம் பிடிக்க வேண்டும். மழைச்சட்டை, கையுறை, மாற்றுத் துணி, நெற்றி விளக்கு. முழங்காலுக்கு ஏறும்போது வராத வலி இறங்கும்போது வரும்; ஊன்றுகோல் கட்டாயம். சுமையைத் தூக்க உள்ளூர்க்காரர் ஒருவரை அமர்த்திக்கொண்டால் உங்கள் முதுகுக்கும் நல்லது, ஒரு வீட்டுக்கும் நல்லது.

மலையேற்றம் நமக்கு ஒத்துவராது என்று நம்மவர் சிலர் சொல்வார்கள். 1997 மே 23இல் எவரெஸ்ட் உச்சியை முதன்முதலாகத் தொட்ட இரண்டு மலேசியர்கள் எம். மகேந்திரனும் என். மோகனதாசும். இருவரும் தமிழர்கள். நம் கால்களுக்கு மலை புதிதில்லை. நாட்டின் அந்தப் பாதிதான் நமக்குப் புதிது.

அந்தப் பாதிக்குள் எப்படி நுழைவது என்பதைக் கினபாலு எனக்குக் கற்றுக்கொடுத்தது. கதவைத் தட்ட வேண்டும், அந்த மண்ணைப் பிறந்ததிலிருந்து அறிந்தவரின் பின்னால் நடக்க வேண்டும், சுமையோடு வருபவருக்கு வழிவிட வேண்டும், அவர்கள் வணங்குவதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வந்தேறிகள் என்ற சொல்லை நாமும் கேட்டிருக்கிறோம். ஆகவே நம் நாட்டில் எல்லா இடத்திலும் நமக்கு உரிமை உண்டு என்று உரக்கச் சொல்லத் தோன்றுவது இயல்பே. அந்த உரிமையை நான் ஒருபோதும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் சட்டம் தருகிற உரிமையால் பாங் வீட்டுத் திண்ணையில் எனக்கு இடம் கிடைத்திருக்காது. விருந்தாளியாகப் போனதால் கிடைத்தது. கீழே வந்ததும் அவர் எங்களைத் தம் கிராமத்துக்கு அழைத்துப் போய்ச் சோறு போட்டார். அடுத்த தைப்பூசத்துக்குப் பிள்ளைகளோடு பத்துமலைக்கு வர வேண்டும் என்று மாமா அவரிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். 272 படியிலும் முன்னால் நடக்கப்போவது மாமாதான்.